'பிரிங்' எங்கே, 'டேக்' எங்கே?

ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வரும்படி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் நம்மில் பலர் 'டேக் தி ஃபைல் அண்ட் கம்' என்று சொல்லிவிடுகிறோம். 'பிரிங் தி ஃபைல்' என்ற மூன்று சொற்களே அதற்குப் போதும். நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்களும் பேச்சில் இந்த இடத்தில் இடறுவதற்குக் காரணம், சிறு வயதில் மனப்பாடம் செய்த சொற்பட்டியல்தான் என்று நான் கருதுகிறேன். அந்தப் பட்டியலில் 'டேக்' என்றால் எடு, 'பிரிங்' என்றால் கொண்டு வா என்று இருக்கும். இரண்டாவது சரி. முதலாவது தவறில்லை என்றாலும், 'பிரிங்' என்ற சொல்லுக்கு எதிரில் நிற்கும் 'டேக்' அதுவன்று. எடுப்பது என்பது ஒரு பொருளைக் கையில் பற்றும் செயல். அதில் திசை இல்லை. 'பிரிங்' என்பதற்கு இணையாக வரும் 'டேக்' திசை உள்ள சொல்; அதற்குத் தமிழ் 'கொண்டு போ'. பட்டியலில் இந்த ஒரு திருத்தத்தைச் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேசுகிற நான் இருக்கும் இடத்துக்கோ, கேட்கிற நீங்கள் இருக்கும் இடத்துக்கோ ஒரு பொருளோ ஆளோ வந்து சேர்ந்தால் 'பிரிங்'. நாம் இருவரும் இல்லாத வேறோர் இடத்துக்குப் போனால் 'டேக்'. 'வா' என்று சொல்லக்கூடிய பயணத்தில் சுமை இருந்தால் 'பிரிங்', 'போ' என்று சொல்லக்கூடிய பயணத்தில் சுமை இருந்தால் 'டேக்' என்றும் இதையே வேறு வகையில் சொல்லலாம். 'கம்', 'கோ' என்ற இரண்டு வினைகளையும் சரியாகக் கையாளுகிறவருக்கு இந்த இரண்டும் தாமாகவே வந்துவிடும்.

இதில் தமிழருக்கு ஒரு நற்பேறு உண்டு. வருவதையும் போவதையும் பிரிக்கும் கோடு எல்லா மொழிகளிலும் ஒரே இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கவில்லை. வெளியே நிற்பவர் கூப்பிடும்போது உள்ளே இருப்பவர் தமிழில் 'இதோ வருகிறேன்' என்கிறார். ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் கமிங்' என்றுதான் சொல்வார்கள். ஸ்பானிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் அதே சூழலில் 'போகிறேன்' என்ற பொருளுள்ள வினையைத்தான் சொல்வார்கள். அந்த மொழிகளில் 'வா' என்பது பேசுகிறவரின் இடத்தை நோக்கி மட்டுமே பார்க்கிறது. தமிழும் ஆங்கிலமும் கேட்கிறவரின் இடத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே 'உங்கள் அலுவலகத்துக்கு நாளை வருகிறேன், வரும்போது அந்தப் புத்தகத்தையும் கொண்டு வருகிறேன்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது நாம் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வருவது 'கம்', கொண்டு வருவது 'பிரிங்'.

இந்தக் கோட்டை நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே தெளிவாக வரைந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்னும் முதல் இயலில், செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல் ஆகிய நான்கு வினைகளையும் எடுத்துக்கொண்டு, தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று வகுத்துச் சொல்லப்பட்டுள்ளது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரு பக்கம், மற்ற எல்லாரும் மறுபக்கம் என்ற இந்தப் பகுப்பே ஆங்கிலத்தின் 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் அடித்தளமாக இருக்கிறது. தருதலுக்கும் கொடுத்தலுக்கும் இடையிலான வேறுபாடு இன்றைய பேச்சில் மங்கிவிட்டது. வருவதற்கும் போவதற்கும் இடையிலான வேறுபாடு மங்கவில்லை. ஆகையால் ஆங்கிலச் சொல்லைத் தேடும்போது நம் காது 'கொண்டு வா' என்கிறதா, 'கொண்டு போ' என்கிறதா என்று கேட்டுக்கொள்வது, ஆங்கில இலக்கண விளக்கங்கள் பலவற்றைப் படிப்பதைவிட விரைவான வழி.

ஒரே செயலுக்கு இரண்டு சொற்களும் பொருந்துவதைப் பார்க்கும்போது விதி இன்னும் துலங்கும். மருத்துவர் தம் அறையில் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து, இதை ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள் என்கிறார்: 'டேக் திஸ் டு தி லேப்'. ஆய்வகத்தில் இருப்பவரிடம் தொலைபேசியில் கேட்டால், வரும்போது அந்தச் சீட்டைக் கொண்டு வாருங்கள் என்பார்: 'பிரிங் தி ஸ்லிப்'. சீட்டும் ஒன்று, பாதையும் ஒன்று. பேசுகிறவர் நிற்கும் இடம்தான் வேறு. நேர்காணலுக்கு அழைக்கும் நிறுவனம் தன் கடிதத்தில் அசல் சான்றிதழ்களைப் பற்றி எழுதும்போது 'பிரிங்' என்றே எழுதும், ஏனென்றால் அவை அந்த நிறுவனத்தை நோக்கி வருகின்றன. அதே நேர்காணலுக்குப் புறப்படும் மகளிடம் வீட்டிலிருக்கும் தாய் நினைவூட்டும்போது 'டேக்' என்பார். மகள் அந்த நிறுவனத்துக்கு எழுதும் பதிலில் 'ஐ வில் பிரிங்' என்றும், தோழியிடம் சொல்லும்போது 'ஐ வில் டேக்' என்றும் சொல்ல வேண்டும். இந்த நான்கு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துப் பழகுவது நல்லது.

இடத்தோடு காலமும் சேரும்போதுதான் பலருக்கு ஐயம் எழுகிறது. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1971-இல் சான்டா குரூஸில் ஆற்றிய விரிவுரைகளில் 'கம்', 'கோ' இரண்டையும் நுணுக்கமாக ஆராய்ந்தார். பேசும் அந்த நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது மட்டும் கணக்கில்லை. செயல் நடக்கும் நேரத்தில் எங்கே இருப்பேன், அல்லது இருந்தேன் என்பதும் கணக்கில் வரும் என்பது அவர் காட்டிய முக்கியமான உண்மை. நாளை காலை பத்து மணிக்கு நூலகத்தில் இருப்பேன், அங்கே அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு வா என்று இன்று வீட்டிலிருந்தபடியே சொல்லும்போது, நூலகத்தில் இப்போது நாம் இருவருமே இல்லை. ஆனாலும் நாளை நான் அங்கே இருப்பேன் என்பதால் 'பிரிங்' சரியாகிறது. நான் இருக்கப் போவதில்லை, நீ மட்டும் போகிறாய் என்றால் 'டேக் இட் டு தி லைப்ரரி'. சொந்த இருப்பிடத்துக்கு இன்னும் கூடுதலான ஒரு சலுகை உண்டு. 'நேற்று என் வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்திருக்கிறான், நான் அப்போது ஊரிலேயே இல்லை' என்று தமிழில் இயல்பாகச் சொல்வதுபோல, அது என் வீடு என்ற ஒரே காரணத்தால், நான் அங்கு இல்லாதபோதும் ஆங்கிலம் 'கம்', 'பிரிங்' இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது.

காலம் மாறினால் சொல்லும் மாறும் என்பதற்குக் குடை நல்ல எடுத்துக்காட்டு. வீட்டு வாசலில் இருவர் புறப்படுகிறார்கள். மழை வரும்போலிருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போவோம் என்று அங்கே சொன்னால் 'டேக்'. போய்ச் சேர்ந்த இடத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. குடை கொண்டு வந்தாயா என்று அங்கே கேட்டால் 'டிட் யூ பிரிங் தி அம்ப்ரெலா'. புறப்படும் இடத்திலிருந்து பார்க்கும்போது குடை போகிறது, சேர்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அதே குடை வந்திருக்கிறது.

சேர்ந்து போகும் பயணத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. 'நாங்கள் கண்காட்சிக்குப் போகிறோம், நீயும் வருகிறாயா?' என்று கேட்கும்போது, அதே கண்காட்சிக்கு எங்கள் பயணம் 'போவதாகவும்', உன் பயணம் 'வருவதாகவும்' ஆகிவிடுகிறது. எங்களோடு சேர்வதால் உன் பயணம் எங்களை நோக்கிய பயணமாகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: 'வீ ஆர் கோயிங்', 'ஆர் யூ கமிங்?' ஆகவே என் தம்பியையும் அழைத்து வரலாமா என்று நீங்கள் கேட்கும்போது 'கேன் ஐ பிரிங் மை பிரதர்?' என்றே கேட்க வேண்டும். இங்கே 'டேக்' என்று சொன்னால், எங்களோடு சேராமல் தம்பியும் நீங்களும் தனியாகப் போவதுபோல் ஒரு சாயல் வந்துவிடும்.

அழைத்து வருவது என்ற சொல்லைப் பார்த்ததும் இன்னொரு வேறுபாடும் நினைவுக்கு வருகிறது. தமிழ் பொருளுக்கு ஒரு வினையையும் ஆளுக்கு ஒரு வினையையும் வைத்திருக்கிறது. புத்தகத்தைக் கொண்டு வருகிறோம், குழந்தையை அழைத்து வருகிறோம் அல்லது கூட்டி வருகிறோம், மாட்டை ஓட்டி வருகிறோம். ஆங்கிலத்துக்கு இந்த மூன்றும் 'பிரிங்', இவற்றின் மறுதிசை மூன்றும் 'டேக்'. எனவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வேலை எளிது: கொண்டா, அழைத்தா, ஓட்டியா என்பதை விட்டுவிட்டுக் கடைசியில் நிற்பது 'வா'வா 'போ'வா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதுதான் கவனம் தேவை. விருந்தினரைக் 'கொண்டு வந்தார்கள்' என்று மொழிபெயர்ப்புகளில் வரும் வாக்கியங்கள் இந்தக் கவனக் குறைவால் பிறந்தவையே.

'மீ' என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் 'என்னை' வேறு, 'எனக்கு' வேறு; ஆங்கிலத்தில் இரண்டும் 'மீ'. 'பிரிங் மீ தி ஃபைல்' என்பதில் 'மீ' என்றால் எனக்கு. 'டேக் மீ டு தி ஸ்டேஷன்' என்பதில் 'மீ' என்றால் என்னை. 'டேக் மீ தி ஃபைல்' என்ற வாக்கியம் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ஒரு பொருள் என்னிடம் வந்து சேர்வதைச் சொல்ல வேண்டுமானால் 'பிரிங்' தேவைப்படுகிறது. மூன்றாம் ஆளுக்கு என்றால் 'டேக் ஹிம் தி ஃபைல்' என்பது முற்றிலும் சரி.

ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் எடுத்துச் சொல்லும்போது இரண்டில் எது? மேலாளர் என்னிடம், நாளை அந்த அறிக்கையை என்னிடம் கொண்டு வா என்றார். இதை நண்பரிடம் நான் சொல்லும்போது, மேலாளரின் பார்வையிலேயே நின்று 'பிரிங்' எனலாம்; என் இன்றைய இடத்திலிருந்து பார்த்து 'டேக்' எனலாம். இரண்டும் வழக்கில் உண்டு, இரண்டும் சரி. கதை சொல்லும்போதும் இப்படித்தான். எந்தக் கதைமாந்தரின் மனத்தருகே ஆசிரியர் நிற்கிறாரோ அவர் இருக்கும் இடம் 'பிரிங்' என்ற சொல்லை ஈர்த்துக்கொள்கிறது. நோயாளியின் படுக்கையருகே நின்று எழுதினால் நண்பர்கள் பழங்களைக் கொண்டு வந்தார்கள். நண்பர்களோடு தெருவில் நடந்தபடி எழுதினால் கொண்டு போனார்கள். படைப்பெழுத்தில் இந்தத் தெரிவு மிகுந்த வலிமை உடையது: யாருடைய கண் வழியாக வாசகர் பார்க்கிறார் என்பதை ஒரே வினையில் சொல்லிவிட முடிகிறது.

நாடகம், செய்தி முதலியவற்றில் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ இந்த விதியை மீறிப் பேசுவதைக் கேட்டால் திகைக்க வேண்டாம். அயர்லாந்து ஆங்கிலத்தில், மற்றவர்கள் 'டேக்' என்று சொல்லும் பல இடங்களில் 'பிரிங்' வழங்குகிறது. என்னை நிலையத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்பதற்குக்கூட அங்கே 'பிரிங்' கேட்கலாம். அமெரிக்கப் பேச்சு வழக்கிலும் 'பிரிங்' தன் எல்லையைத் தாண்டிச் சில இடங்களில் நுழைகிறது. அவற்றைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தந்த மண்ணின் வழக்குகள் அவை. ஆனால் எழுத்தில், முக்கியமாகத் தேர்விலும் அலுவல் கடிதத்திலும், மேலே சொன்ன விதியைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு பொருள் இடம் பெயர்வதைப் பற்றியவை. 'டேக்' என்ற சொல்லுக்கு அதற்கு வெளியேயும் பெரிய உலகம் உண்டு. 'பிரிங்' பழைய ஆங்கிலச் சொல். 'டேக்' ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, பற்றுதல், எடுத்தல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல்லை விலக்கிவிட்டு நிலைத்தது. பற்றும் பொருள் அதனிடம் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் புகைப்படம் எடுப்பது, குறிப்பெடுப்பது, நேரம் பிடிப்பது, பேருந்தில் போவது, இருக்கையில் அமர்வது, பொறுப்பேற்பது ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் 'டேக்' என்கிறது. இவற்றில் திசை இல்லை, 'பிரிங்' போட்டிக்கு வருவதும் இல்லை. இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். மருந்தை நாம் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் 'ஈட்' என்று சொல்லக் கூடாது, 'டேக்' என்றே சொல்ல வேண்டும். தேர்வை நாம் எழுதுகிறோம், ஆங்கிலத்தில் பொதுவாக 'டேக் அன் எக்ஸாம்' என்பார்கள். முடிவெடுப்பதற்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேக்', 'மேக்' இரண்டும் வழங்கும். அமெரிக்கர் பெரும்பாலும் 'மேக்' என்பார்கள்.

நிலைத்துவிட்ட தொடர்களில்தான் மனப்பாடம் தேவை என்று பலரும் நினைக்கிறார்கள். 'பிரிங்' தொடர்களில் பெரும்பகுதிக்கு அது தேவையில்லை என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஒரு செயல் தானாக நடக்கும்போது 'கம்' வருகிற தொடர் இருந்தால், அதை ஒருவர் நடத்தி வைக்கும்போது 'பிரிங்' வரும். சட்டம் நடைமுறைக்கு வந்தது: 'கேம் இன்டு ஃபோர்ஸ்'. நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள்: 'பிராட் இன்டு ஃபோர்ஸ்'. போர் முடிவுக்கு வந்தது, முடிவுக்குக் கொண்டு வந்தார்கள்; உண்மை வெளிச்சத்துக்கு வந்தது, வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள்; பழைய நாள் நினைவுக்கு வந்தது, அந்தப் பாட்டு அதை நினைவுக்குக் கொண்டு வந்தது. ஒவ்வொன்றிலும் முன்பாதிக்கு 'கம்', பின்பாதிக்கு 'பிரிங்'. தமிழும் ஆங்கிலமும் இங்கே கை கோத்துச் செல்கின்றன. அலுவல் கடிதங்களில் நாம் எழுதும் 'தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்' என்பதும் இந்த வகைதான்: 'பிரிங் டு யுவர் அட்டென்ஷன்'.

தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடமும் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒருவர் ஒரு பேச்சை எடுத்தார் என்கிறோம். எடுத்தார் என்பதால் 'டேக்' என்று கை போகும். ஆனால் பேச்சு வந்தது என்பதற்கு ஆங்கிலம் 'கேம் அப்' என்பதால், பேச்சை எடுத்தார் என்பதற்கு 'பிராட் அப்' என்பதே பொருத்தம். 'டுக் அப்' என்றால் ஏற்கெனவே இருக்கும் ஒரு விவகாரத்தைக் கையில் எடுத்து மேற்கொண்டு நடத்தினார் என்றோ, ஒரு கலையைப் புதிதாகப் பயிலத் தொடங்கினார் என்றோ பொருள்படும். கணக்கில் எடுத்துக்கொள்வது மட்டும் நேராக 'டேக் இன்டு அக்கவுன்ட்' ஆகிறது. வழக்கைப் பொறுத்தவரை, ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது 'டேக் டு கோர்ட்', வழக்குத் தொடுப்பது 'பிரிங் எ கேஸ்'. ஆளை வேறிடத்துக்குக் கொண்டு போகிறோம், வழக்கை நீதிமன்றத்தின் முன் கொண்டு வருகிறோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அருகில் நிற்கும் வேறு இரண்டு சொற்களையும் தெரிந்துகொள்வது நல்லது. போய் எடுத்து வா என்று போவதையும் வருவதையும் சேர்த்துச் சொல்ல 'ஃபெட்ச்' இருக்கிறது. அன்றாடப் பேச்சில் அந்த இடத்தில் 'கெட்' அதிகம் வழங்கும். 'டேக் அண்ட் கம்' என்று சொல்லத் தோன்றும் நேரங்களில் பாதிக்கு மேல் நமக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தச் சொல்தான். திசை முக்கியமில்லை, சுமப்பது மட்டுமே முக்கியம் என்றால் 'கேரி'.

'போய்விட்டு வருகிறேன்' என்ற நம் அழகான விடைபெறலை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று மாற்றுவதும் இதே குடும்பத்துப் பிழை. 'ஐ வில் பி பேக்' என்றால் போதும். அதுபோலவே, பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன் என்பதில் உள்ள 'வருகிறேன்' பயணமே இல்லை. தொடர்ச்சியைக் காட்டும் துணைவினை அது. அங்கே 'கம்' வரக் கூடாது, 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங்' என்பதே வர வேண்டும்.

கடைசியாக இறந்தகால வடிவங்கள். 'டேக்' என்பது 'டுக்', 'டேக்கன்' என்று மாறும். 'பிரிங்' இரண்டு வடிவங்களிலும் 'பிராட்' ஆகும். 'சிங்', 'சாங்', 'சங்' என்பதைப் பார்த்து 'பிராங்', 'பிரங்' என்று சொல்வது செந்தர ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. 'பை' என்ற வினையின் இறந்தகாலமான 'பாட்' இதற்கு மிக நெருக்கமாக ஒலிக்கும். எழுத்தில் இரண்டுக்கும் இடையே ஓர் 'ஆர்' மட்டுமே வேறுபாடு. அந்த ஓரெழுத்து தவறினால், நண்பர் கொண்டு வந்த புத்தகம் அவர் விலை கொடுத்து வாங்கிய புத்தகமாகிவிடும். எழுதி முடித்த பின் இந்தச் சொல்லை மட்டும் ஒரு முறை தேடிப் பார்த்து, 'பிரிங்' என்ற வினையிலிருந்து வந்ததில் 'ஆர்' இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.